மரத்திலும் கேன்வஸிலும் பழைய படம் ஏற்றுவது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நானும் என் மகளும் இந்த வேலையைச் செய்கிறோம். பழைய போட்டோவை நகலெடுத்து, அந்த நகலில் இருக்கும் மையை மட்டும் பலகைக்கோ கேன்வஸ் துணிக்கோ மாற்றுவோம். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் பையில் படங்களோடு வந்து நிற்பார். ரப்பர் தோட்டம் செம்பனையாகிவிட்டது, லயத்து வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள், தாமான் குடியிருப்பு வீட்டுச் சுவரில் மாட்ட ஏதாவது வேண்டும் என்பார். சிலர் செய்து தரச் சொல்வார்கள், நிறையப் பேர் சொல்லித் தரச் சொல்வார்கள். ஆனால் எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

படம் எப்படி மரத்துக்குப் போகிறது?

போட்டோஸ்டேட் இயந்திரத்திலும் லேசர் அச்சு இயந்திரத்திலும் இருப்பது திரவ மை இல்லை. டோனர் என்ற மிக நுண்ணிய பிளாஸ்டிக் தூள். அது சூட்டில் உருகித் தாளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், தாளுக்குள் ஊறிப் போவதில்லை. அந்தத் தாளை, அக்ரிலிக் ஜெல் பூசிய பலகையின் மேல் குப்புறக் கவிழ்த்து ஒட்டுகிறோம். ஜெல் காயும்போது டோனரைக் கவ்விக்கொள்ளும். பிறகு தாளின் முதுகை நனைத்து, விரலால் தேய்த்துத் தேய்த்துத் தாளை எடுத்துவிட்டால் டோனர் மட்டும் மரத்தில் மிஞ்சும். மொத்த வேலையில் முக்கால் பங்கு இந்த எடுக்கிற வேலைதான். ஒட்டுவது கால் மணி நேரம்.

ஜெல் என்றால் என்ன என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பால்மரத்துப் பால் எப்படியோ அப்படி. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள்தான் மரத்துப் பால். தண்ணீரில் மிதக்கும் அக்ரிலிக் துகள்கள் இந்த ஜெல். இரண்டும் ஈரத்தில் வெள்ளை. தண்ணீர் போனதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தோலாகிவிடும். பால் வடியும் மங்குக் கிண்ணத்தின் விளிம்பில் காய்ந்த பால் மெல்லிய தோலாக உரிந்து வருமே, சின்ன வயதில் நாம் இழுத்து விளையாடியது, அதே சங்கதிதான். ஒரே வித்தியாசம், மரத்துப் பாலை ஆலையில் ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைப்பார்கள். ஜெல்லுக்கு அப்படி எதுவும் கிடையாது, தண்ணீர் தானாகக் காற்றில் போனால்தான் உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு உங்களுக்கே பதில் தெரிந்துவிடும்.

ஒரு கொசுறு: ஜெராக்ஸ் எனப்படும் இந்த நகலெடுக்கும் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22-ஆம் தேதி நியூயார்க்கின் அஸ்டோரியாவில் எடுத்த முதல் நகலும் கிட்டத்தட்ட இப்படித்தான். கந்தகம் பூசிய தகட்டில் தூள் ஒட்டவைத்து, அதை மெழுகுத் தாளுக்கு மாற்றிச் சூடு காட்டினார். நாம் அதே தூளை இன்னொரு தடவை இடம் மாற்றுகிறோம்.

அசல் போட்டோவையே ஒட்டலாமா?

கூடாது. கூடவே கூடாது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் நானே செய்தேன். தொழில் பழகிய புதிதில் என் அத்தையின் கல்யாணப் படத்தை, ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை, தாள் கெட்டியாக இருக்கிறது, நன்றாக வரும் என்று நினைத்து அப்படியே ஜெல்லில் கவிழ்த்துவிட்டேன். ஸ்டூடியோ போட்டோவில் டோனர் கிடையாது. படம் வெள்ளித் துகள்களாக ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கிறது. நனைத்தால் ஜெலட்டின் ஊதிக் கொழகொழவென்று ஆகும். மறுநாள் தேய்த்தேன். மாமாவின் கோட்டும் அத்தையின் மாலையும் சேர்ந்து சாம்பல் சேறாக விரலோடு வந்தது. அந்தப் படத்துக்கு வேறு பிரதி இல்லை. கடைசியில் கூலிமில் இருக்கும் அத்தை மகள், எப்போதோ சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தாள். நடுவில் பிளாஷ் வெளிச்சம் விழுந்து மாமாவின் நெற்றி தெரியாது. இன்று எங்களிடம் இருப்பது அதுதான். அத்தை என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் வழி இதுதான். அசலை ஸ்கேன் செய்யுங்கள், உறையில் போட்டு உள்ளே வையுங்கள், நகலை வைத்து விளையாடுங்கள். படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். பூசணம் பிடித்த படத்தை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். பூசணம் தின்பதே அந்த ஜெலட்டினைத்தான், ஈரம் காட்டினால் படம் துணியோடு போய்விடும்.

பாட்டியின் ஐ.சி. (அடையாள அட்டை) படம் மட்டும்தான் இருக்கிறது. பெரிதாக்க முடியுமா?

இந்தக் கேள்வி எங்கள் ஊரில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. அதோடு, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டையும் வந்தது. ஸ்டூடியோ வாசலையே மிதிக்காத கிழவிகள்கூட அன்றைக்குக் கேமரா முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. என் பாட்டிக்கு அவர் வாழ்நாளின் முதல் படம் அதுதான். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

பெரிதாக்கலாம், அளவோடு. 1 அங்குல அகலப் படத்தை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 1200 புள்ளிகள் கிடைக்கும். அதை 6 அங்குலத்துக்கு அச்சிட்டால் அங்குலத்துக்கு 200 புள்ளி. மரத்துக்கு இது தாராளம். மரத்தின் ரேகையும் அங்கங்கே உதிரும் டோனரும் சேர்ந்து படத்தின் மங்கலை மறைத்துவிடும். பளபளத் தாளில் அச்சிட்டால் பல்லிளிக்கும் படம் மரத்தில் கம்பீரமாக நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முகத்தின் மேல் முத்திரை விழுந்திருந்தால் அதை அழிக்கச் சொல்லி என்னிடம் கேட்பார்கள். நான் அப்படியே விடச் சொல்வேன். கேட்பதும் கேட்காததும் அவரவர் விருப்பம்.

வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. அது போதாதா?

ஜெல் முறைக்கு ஆகாது. பெரும்பாலான இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும், ஜெல்லிலும் தண்ணீர் இருக்கிறது. முகம் நீலமும் ஊதாவுமாக ஓடிவிடும். கையில் இருக்கும் அச்சு எந்த வகை என்று தெரியாவிட்டால் ஓரத்தில் எச்சில் விரலால் தேய்த்துப் பாருங்கள். கலைந்தால் இங்க்ஜெட்.

இங்க்ஜெட்டை வைத்து வேறு ஒரு வித்தை உண்டு. ஸ்டிக்கர் தாளில் ஸ்டிக்கர்களை எல்லாம் உரித்துவிட்டு, மிஞ்சும் வழவழப்பான அடித்தாளில் அச்சிட்டால் மை ஊறாமல் மேலேயே நிற்கும். ஈரம் காய்வதற்குள் மரத்தில் கவிழ்த்து அழுத்தி எடுத்தால் படம் வந்துவிடும். ஒரே வாய்ப்புதான், கை நழுவினால் கதை முடிந்தது. அப்புறம் தண்ணீர் படாமல் ஸ்பிரே வார்னிஷ் அடிக்க வேண்டும், தூரிகை வைத்தால் கலையும். சின்னச் சின்ன எழுத்து, பூ வேலைக்கு நன்றாக இருக்கும். முகத்துக்கு நான் பயன்படுத்துவதில்லை.

போட்டோஸ்டேட் கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

நாலு விஷயம். லேசர் அச்சு வேண்டும். சாதாரண 70 அல்லது 80 கிராம் தாள் போதும், தடித்த பளபளத் தாள் வேண்டாம், தேய்த்து எடுப்பதற்குள் விரல் தேய்ந்துவிடும். டோனர் மிச்சப்படுத்தும் அமைப்பு இருந்தால் அணைக்கச் சொல்லுங்கள். நாலாவது, முக்கியமானது: படத்தை இடம் வலமாகத் திருப்பி அச்சிட வேண்டும், கண்ணாடியில் பார்ப்பது போல.

திருப்பாமல் விட்டால் தோட்டத்துப் பெயர்ப்பலகை இடம் வலம் மாறிய எழுத்தாக வரும், அது உடனே தெரிந்துவிடும். எழுத்தே இல்லாத படத்தில்தான் ஆபத்து. ஒரு தடவை மகள் திருப்ப மறந்துவிட்டாள். படம் அழகாக வந்தது, நானும் கவனிக்கவில்லை. வாங்க வந்த அக்கா கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அழகாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மா மாதிரி இல்லையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கண்டுபிடித்தார். "முந்தானை வலது தோள்ல கிடக்குதும்மா. அம்மா இடது தோள்லதானே போடுவாங்க." வகிடு, மூக்குத்தி, மச்சம் எல்லாமே பக்கம் மாறியிருந்தது. காசு வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தோம். இப்போது அச்சு வந்ததும் முதலில் முந்தானையையும் ஆண்கள் சட்டையின் பொத்தான் பக்கத்தையும் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம்.

எந்த மாதிரிப் படம் நன்றாக வரும்?

வெளிச்சமும் நிழலும் தெளிவாகப் பிரிந்த படம். ஒன்று புரிந்துகொள்ளுங்கள்: அச்சு இயந்திரத்தில் வெள்ளை மை கிடையாது. தாளில் வெள்ளையாகத் தெரிவது தாளின் நிறம். தாள் போனால் அந்த இடத்தில் மரத்தின் நிறம் தெரியும். வெள்ளை வேட்டி மர நிற வேட்டியாகும், வானத்தில் மர ரேகை ஓடும். பலருக்கு இதுதான் பிடித்துப் போகிறது. பிடிக்காதவர்கள் பலகையில் முதலில் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

மரம் எப்படியும் படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கும். அதனால் கணினியிலோ கைப்பேசியிலோ படத்தை ஒரு பிடி கூடுதலாக வெளிச்சமாக்கி, மாறுபாட்டையும் ஏற்றி அச்சிடுங்கள். திரையில் கொஞ்சம் வெளுத்தது போலத் தெரிந்தால் மரத்தில் சரியாக இருக்கும். எழுபது, எண்பதுகளின் வண்ணப் படங்கள் பல நீலச் சாயம் வெளுத்துச் சிவந்து போயிருக்கும். அவற்றைச் சரி செய்ய மல்லுக்கட்டாமல் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள்.

எந்த மரம் நல்லது?

பால்மரம். ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. ரப்பர் மரப் பலகை வெளிர் மஞ்சள் நிறம், ரேகை அடக்கமாக இருக்கும், இழைத்தால் வழவழப்பாகும். 25, 30 வருடம் பால் கொடுத்துவிட்டு, பால் குறைந்ததும் வெட்டப்படும் மரம். ஒரு காலத்தில் விறகுக்குத்தான் போனது, இப்போது மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. மூவார் பக்கம் அதுதான் பெரிய தொழில். தளவாடக் கடைகளில் வெட்டி மிஞ்சும் துண்டுகளைக் கேட்டால் மலிவாகத் தருவார்கள். என் பாட்டி வாழ்நாள் முழுக்கப் பட்டையைக் கீறிப் பால் எடுத்த மரத்திலேயே அவர் படத்தை ஏற்றியபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் என்னவோ போலவும் இருந்தது.

ஆனால் தோட்டத்தில் புதிதாக வெட்டிச் சாய்த்த மரத்தை நீங்களே அறுத்து எடுத்து வராதீர்கள். பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், நீலப் பூசணமும் துளைக்கும் வண்டும் உடனே வந்துவிடும். ஆலையில் போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தித்தான் விற்கிறார்கள். பலகைக்குக் கீழே மாவு போல் மெல்லிய தூள் கொட்டிக் கிடந்தால் அந்தத் துண்டு வேண்டாம்.

செங்கால், மெர்பாவ் போன்ற கறுத்த மரங்களில் படம் தெரியவே தெரியாது, வெள்ளை அடித்துத்தான் ஆக வேண்டும். சரக்கு அடுக்கும் பேலட் கட்டைகளின் பைன் பலகை நன்றாக இருக்கும், ஆனால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு வாயு காட்டியது, வீட்டுக்குக் கொண்டு வர வேண்டாம்.

பலகையை எடுத்ததும் அச்சை மேலே வைத்து நகர்த்திப் பாருங்கள். முகம் விழும் இடத்தில் கணு இருக்கக் கூடாது. கண்ணுக்குக் கீழே ஒரு கணு வந்தால் யாரோ குத்துவிட்டது போல இருக்கும். ரேகை குறுக்காக ஓடினால் நெற்றிச் சுருக்கம் மாதிரித் தெரியும், கிழவர் படத்துக்கு அது சில சமயம் பொருந்தியும் போகும். பிறகு 120, அதற்குப் பின் 220 எண் உப்புத்தாளால் ரேகை வாக்கில் தேய்த்து, தூசியைத் துடைத்துவிடுங்கள். மூக்கை மூடிக்கொண்டு செய்யுங்கள்.

கேன்வஸில் செய்வது சுலபமா?

தயாரிப்பு சுலபம், தேய்ப்பது கஷ்டம். கடையில் சட்டத்தில் அடித்து விற்கும் கேன்வஸில் வெள்ளை ஜெஸ்ஸோ பூச்சு ஏற்கெனவே இருக்கும், அதனால் படத்தின் வெள்ளை வெள்ளையாகவே வரும். ஆனால் துணியின் நெசவு மேடு பள்ளமானது. பள்ளத்தில் ஜெல் எட்டாவிட்டால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளுத்திருக்கும். நெசவு நெருக்கமான கேன்வஸ் வாங்குங்கள், இன்னொரு கை ஜெஸ்ஸோ பூசி, காய்ந்ததும் லேசாக உப்புத்தாள் போடுங்கள்.

இன்னொன்று, தேய்க்கும்போது துணி தொய்ந்து சட்டத்தின் ஓரக் கட்டையில் இடிக்கும், அந்த வரியில் படம் கிழியும். சட்டத்துக்குள் அடங்கும் அளவுக்குப் பழைய தொலைபேசிப் புத்தகமோ பலகைத் துண்டோ பின்பக்கம் முட்டுக் கொடுங்கள். பழகுவதற்கு மரம்தான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஜெல்லுக்குப் பதில் பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசை போடலாமா?

ஒட்டும். ஆனால் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும் பசை அது. தாளை எடுக்க நனைக்கும்போது பசையும் இளகிப் படத்தையும் கொண்டு போய்விடும். ஓவியப் பொருள் கடையில் அக்ரிலிக் ஜெல் மீடியம் என்று கேளுங்கள், எங்கள் ஊரில் கிடைக்காது, ஈப்போவிலோ இணையத்திலோ வாங்க வேண்டும். படம் ஏற்றுவதற்கென்றே விற்கும் மோட் பாட்ஜ் வகையும் சரிதான், அது காய்ந்தும் கொஞ்சம் வெள்ளையாக நிற்கும் என்பதால் மர ரேகை தெரியாது.

சரி, செய்முறையைச் சொல்லுங்கள்.

அச்சின் வெள்ளை ஓரங்களைக் கத்தரித்துவிடுங்கள். பலகையில் ஜெல்லைத் தூரிகையால் சமமாகப் பூசுங்கள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற கனம், மரம் லேசாக மறைய வேண்டும். மெல்லியதாகப் பூசினால் ஓரம் பிடிக்காது, தடிமனாகப் பூசினால் தாள் வழுக்கி நகரும். பூசிய ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் அச்சைக் குப்புற வையுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக இறக்குங்கள், வைத்த பிறகு நகர்த்தாதீர்கள்.

அடுத்து காற்றை விரட்ட வேண்டும். சாலைச் சுங்கம் கட்டும் டச் அண்ட் கோ அட்டை காலாவதியாகிக் கிடந்தால் அது இதற்கென்றே பிறந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு, சாய்த்துப் பிடித்து இழுங்கள். ஓரத்தில் பிதுங்கும் ஜெல்லை உடனே துடைத்துவிடுங்கள், தாளின் முதுகில் பட்டுக் காய்ந்தால் அங்கே தண்ணீர் இறங்காது. விளக்கு வெளிச்சத்தில் பலகையைச் சாய்த்துப் பார்த்தால் கொப்புளம் தெரியும். இப்போது விடும் கொப்புளம் நாளைக்கு ஓட்டை.

பிறகு ஒரு முழு நாள் தொடாதீர்கள். காய்ந்ததா என்று தெரிய, தாளின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

இனித்தான் வேலை. பஞ்சை நனைத்துப் பிழிந்து, தாள் முழுக்க ஒற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். தாள் ஊறியதும் உள்ளே இருக்கும் முகம் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். எத்தனையோ தடவை பார்த்தாயிற்று, இந்த இடத்தில் இன்னும் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம். விரல் நுனிச் சதையால், நகம் படாமல், நடுவிலிருந்து வட்ட வட்டமாகத் தேய்த்தால் தாள் புழுப் புழுவாகச் சுருண்டு வரும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். மேல்தாள் வந்ததும் நிறுத்தி, அரை மணி நேரம் காய விடுங்கள். அற்புதமாகத் தெரிந்த படம் காய்ந்ததும் வெள்ளை பூத்து நிற்கும், மிச்சத் தாள் நார் அது. மறுபடி ஈரம், மறுபடி தேய்ப்பு. நாலு தடவையாவது ஆகும். போகப் போகத் தண்ணீரும் குறைய வேண்டும், அழுத்தமும் குறைய வேண்டும்.

எங்கே அழுத்தக் கூடாது என்பதைப் படமே சொல்லும். எங்கள் வீட்டில் ஒரு படம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எடுத்தது. தாத்தா தோளில் கம்பின் இரு முனையிலும் தொங்கும் காண்டா வாளிகளோடு நிற்பார், பின்னால் வெளிறிய வானம். அவர் கால்சட்டை, தலைப்பாகை நிழல் எல்லாம் கறுப்பு, டோனர் கெட்டியாக இருக்கும் இடம், அழுத்தித் தேய்த்தாலும் தாங்கும். ஆனால் வானத்துக்கு எதிரே மெல்லிய கோடாகப் போகிறதே காண்டாக் கம்பு, அதில் டோனர் ஒரு மயிரிழைதான். முதல் முறை செய்தபோது கம்பு போய்விட்டது, வாளிகள் இரண்டும் ஆகாயத்தில் தொங்கின. இரண்டாவது முறை அந்தக் கோட்டுக்கு மேலே கொஞ்சம் தாள் நார் இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் செய்யலாமா?

மழை நாளில் பாலுக்காக மரத்தைக் கீறினால் பால் மழைத்தண்ணீரில் அடித்துக்கொண்டு போகும், தெரிந்ததுதானே. இங்கேயும் தண்ணீர்தான் எதிரி. காற்றில் ஈரம் இருந்தால் ஜெல்லின் தண்ணீர் போக இடமில்லை. அக்டோபர் முதல் வருட முடிவு வரை நாங்கள் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் விடுகிறோம், மின்விசிறி காற்றில். அவசரத்துக்கு வெயிலில் வைக்காதீர்கள், பலகை வளையும், ஜெல்லின் மேல்பக்கம் மட்டும் தோல் கட்டி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும்.

படம் முழுக்க மெல்லிய வெள்ளைப் படலம் போகவே மாட்டேன் என்கிறது.

நார் மிச்சம் இருக்கிறது. இன்னும் ஒரு தடவை மெல்லத் தேய்த்துப் பாருங்கள், படம் தாங்காது போலிருந்தால் நிறுத்திவிட்டு பளபளப்பு வகை ஜெல்லை மெல்லியதாக ஒரு பூச்சு பூசுங்கள். நாருக்குள் ஊறி அதைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள், படலம் மறைவதும் உண்மை. ஆனால் அதற்கு மேல் தண்ணீர் வார்னிஷ் நிற்காது, எண்ணெயும் நாளடைவில் காறிப் போகும்.

ஓட்டை விழுந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். கறுப்புப் பகுதி என்றால் அக்ரிலிக் கறுப்பில் கொஞ்சம் பழுப்பு கலந்து பல்குத்தும் குச்சி முனையால் புள்ளி வையுங்கள், கோடு இழுக்காதீர்கள். ஓரம் என்றால் விட்டுவிடுங்கள், பழைய படம் ஓரம் உதிர்ந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கண்ணில் விழுந்தால் மட்டும் மறுபடி செய்யுங்கள். பலகையை உப்புத்தாளால் சுத்தமாகத் தேய்த்துவிட்டு அதே துண்டிலேயே செய்யலாம். எங்கள் வீட்டில் மூன்று முகம் பார்த்த பலகைகள் இருக்கின்றன.

அசிட்டோன், தின்னர் வைத்துச் செய்கிறார்களே? இஸ்திரிப் பெட்டி?

அசிட்டோன் டோனரை இளக்கும், தாளின் முதுகில் தடவிக் கரண்டி முதுகால் அழுத்தித் தேய்த்தால் படம் இறங்கும். அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரவுசன்பர்க் 1950-களின் கடைசியிலேயே லைட்டர் திரவத்தை வைத்துப் பத்திரிகைப் படங்களை இப்படி இறக்கியிருக்கிறார். காய வைக்கும் வேலை இல்லை, ஆனால் படம் வெளிறி வரும், ஆவி தலையைச் சுற்ற வைக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். அதுவும் சாமி விளக்கு எரியும் வீட்டில். ஜெஸ்ஸோ பூசிய கேன்வஸில் போட்டால் பூச்சையே கரைத்துவிடும். எங்கள் வீட்டில் இதற்கு இடமில்லை.

இஸ்திரிப் பெட்டி மரத்தில் ஓரளவு வேலை செய்யும், எழுத்துக்குச் சரி, முகம் பாதிதான் வரும்.

ஏ4-ஐ விடப் பெரிதாக வேண்டும்.

ஏ3 வரை போட்டோஸ்டேட் கடையிலேயே கிடைக்கும். அதற்கு மேல் என்றால் கட்டட வரைபடம் அச்சிடும் கடைக்குப் போங்கள், முதலில் அது டோனர் இயந்திரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். துண்டு துண்டாக ஒட்டுவதானால் இணைப்பு முகத்தில் வராமல், மரத்தடி, கதவு நிலை போன்ற கறுத்த ஓரத்தில் வரும்படி வெட்டுங்கள்.

மேலே என்ன பூசுவது?

தண்ணீர் சார்ந்த பாலியூரித்தேன் வார்னிஷ், மெல்லியதாக மூன்று பூச்சு, இடையில் நன்றாகக் காய விட்டு. எண்ணெய் வார்னிஷ் மஞ்சளாகும். கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் பால் நிறமாக நின்றுவிடும்.

பூசிக் காய்ந்த பிறகும் ஒரு மாதம் பிளாஸ்டிக்கில் சுற்றி வைக்காதீர்கள். அக்ரிலிக் நம் ஊர்ச் சூட்டில் இளகும் குணம் கொண்டது, இரண்டு பலகையை முகத்தோடு முகம் அடுக்கினால் ஒன்றின் படம் மற்றதில் ஒட்டிக்கொண்டு வரும். காரின் பின் இருக்கையில் வெயிலில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள்.

இறந்தவர் படம். பொட்டு வைத்து மாலை போடலாமா?

கண்ணாடி போட்ட படத்தில் சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில்தான் படும். இங்கே கண்ணாடி கிடையாது, படத்தின் நெற்றியிலேயே படும். வருடம் முழுக்க வெள்ளிக்கிழமை தோறும் வைத்துத் துடைத்தால் மூன்று பூச்சு வார்னிஷும் தேயும், மஞ்சள் கறை இறங்கினால் போகாது. அதனால் நான் பலகையை மேல்பக்கம் இரண்டு விரல் அகலம் படமில்லாமல் விட்டுத் தருகிறேன், பொட்டு அங்கே. சிலர் மனம் கேட்காது, நெற்றியில்தான் வைப்பேன் என்பார்கள். அவர்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்துவிடுவோம்.

பூமாலையின் ஈரம் படத்தைத் தொடாமல், ஆணியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி அடியுங்கள். விளக்குக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், எண்ணெய்ப் புகை வார்னிஷில் படிந்தால் துடைக்கத் துடைக்க மங்கும்.

எத்தனை வருஷம் தாங்கும்?

கறுப்பு டோனரில் இருப்பது பெரும்பாலும் கரி, எளிதில் வெளுக்காது. வண்ண டோனர் வெயிலில் வெளுக்கும். வாசல் வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள். நாங்கள் முதலில் செய்த கறுப்பு வெள்ளைப் பலகைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. இருந்தாலும் ஸ்கேன் கோப்பை இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.

பிள்ளைகள் செய்யலாமா?

தேய்க்கும் வேலைக்கு அவர்கள் விரல்தான் நம்முடையதைவிட நல்லது. உப்புத்தாளும் வார்னிஷும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

தேய்த்த தண்ணீரை எங்கே ஊற்றுவது?

தொட்டியில் ஊற்றாதீர்கள். தாள் கூழோடு டோனர் பிளாஸ்டிக்கும் ஜெல் துணுக்கும் அதில் இருக்கும், குழாய் வளைவில் போய் ஒட்டுப்பால் மாதிரி இறுகிக்கொள்ளும். அடைப்பு எடுக்க வந்த அண்ணன் ஒரு கைப்பிடி கறுத்த உருண்டையை வெளியே எடுத்து, "என்னங்க, வீட்டுக்குள்ள பால் ஆலையா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். வாளியில் பழைய வேட்டித் துணியைக் கட்டி வடிகட்டுங்கள், துணியில் நிற்பதைக் காய வைத்துக் குப்பையில் போடுங்கள். தூரிகையை மட்டும் உடனே கழுவிவிடுங்கள், பத்து நிமிடம் விட்டால் அது தூரிகை இல்லை, குச்சி.